மீனுக்கு முன் தண்ணீர்: கோட்டையூர் நாட்குறிப்பு

28 செப்டம்பர் 2024, சனி

காரைக்குடியில் ஒரு கடையில், ஊறுகாய்ப் பாட்டில் அளவே உள்ள குப்பிகளில் ஃபைட்டர் மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கருநீல ஆண் மீன் ஒன்றை வாங்கிவிடக் கை பரபரத்தாலும், 45 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். "காத்தைக் குடிச்சே உயிரோட இருக்கும் சார், குப்பியே போதும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். தாய்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன், ஆழமில்லாத, தேங்கிய நீரில் வாழப் பழகியது. செவுளை ஒட்டியுள்ள மடிப்பு மடிப்பான உறுப்பின் உதவியால் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் கழிவிலிருந்து பெருகும் அம்மோனியா செவுளை அரிக்கத் தொடங்கினால் அந்த உறுப்பு துணைக்கு வராது. சிறு குப்பியில் அந்த நஞ்சு சேர ஓரிரு நாளே போதும்.

29 செப்டம்பர், ஞாயிறு

தண்ணீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் ஏறக்குறைய 45 கிலோ வரும் என்பதால், பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய கூடத்தில்) ஐயா காலத்துப் பர்மாத் தேக்கு மேசையையே தேர்ந்தெடுத்தேன். வளவிலிருந்து, அதாவது நடுமுற்றத்திலிருந்து, வரும் வெயில் நேரே விழாத இடம் அது. வெயில் பட்டால் பாசி படர்வதோடு, இந்த ஊர் வெக்கைக்குத் தண்ணீரும் கொதித்துப் போகும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேசையின் ஒரு காலுக்கு அட்டை கொடுத்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரித்தேன்.

அலங்காரத்துக்கு எடுத்து வைத்திருந்த கற்கள்மீது வினிகர் விட்டதில் இரண்டு நுரைத்தன. சுண்ணாம்பு உள்ள கல் தண்ணீரைக் கடினமாக்கும் என்பதால் அவற்றை ஒதுக்கினேன். செம்புறாங்கல் நுரைக்கவில்லை, ஆனால் அதன் சொரசொரப்பு, மெல்லிய பட்டுத் துணிபோல் விரியும் துடுப்பைக் கிழித்துவிடும். கடைசியில் ஏழு முறை அலசிய ஆற்று மணல் மட்டுமே உள்ளே போனது.

1 அக்டோபர், செவ்வாய்

எங்கள் கிணற்று நீர் சற்றே உவர்ப்பானது, கடினமானது. போன மாதம் பெய்த மழையின்போது ஓட்டுச் சாய்ப்பிலிருந்து வளவில் கொட்டிய நீரை இரண்டு அண்டாக்களில் பிடித்து, மேலே பழைய வேட்டியைக் கட்டி வைத்திருந்தேன். குளோரின் இல்லாத மென்மையான நீர் கைவசம் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்ற பெருமிதத்தில் முப்பது லிட்டரையும் மழைநீராகவே ஊற்றினேன். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடிகள் மணலில் வேர்த்தண்டு புதையாதபடி ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டப்பட்டன. ஸ்பாஞ்சு ஃபில்டரின் காற்றுக் குழாயில் ஒரு சிறு திருகைப் போட்டு, குமிழ்கள் மெதுவாக எழும்படி குறைத்தேன். நீண்ட துடுப்பை இழுத்துக்கொண்டு நீந்தும் மீனுக்கு ஓட்டம் பலமாக இருக்கக் கூடாது.

5 அக்டோபர், சனி

மீனின் கழிவில் வரும் அம்மோனியாவைத் தீர்க்கும் நுண்ணுயிர்களை, மீன் வருமுன்பே தொட்டியில் வளர்க்க வேண்டும்; அதற்கு அவற்றுக்கு அம்மோனியா கொடுக்க வேண்டும். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வருபவர் பயன்படுத்தும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான் என்பது நினைவுக்கு வர, அப்பத்தாவின் பழைய டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். அது சாம்பல் நிறமாக இருந்தது. அதில் செம்பின் துகள் ஒட்டியிருந்தால் தொட்டியையே கெடுத்துவிடும் என்று பயந்து, ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையிலிருந்து தூய்மையானதை வாங்கினேன். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் 20 மில்லியைத் தொட்டியில் விட்டால், முப்பது லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா சேரும்.

"மீனே இல்லாத தொட்டிக்கு இம்புட்டுப் பண்டுவமா?" என்று அப்பத்தா கேட்டார்கள். தயிருக்கு உறை ஊற்றி வைத்திருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

சோதனைக் குழாயில் நைட்ரைட்டின் ஊதா நிறம் முதல்முறையாகத் தெரிந்தது. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைக் குறைந்த அளவில் அது தாங்கும்.

21 அக்டோபர், திங்கள்

எட்டு நாளாக எந்த மாற்றமும் இல்லை. அம்மோனியா அப்படியே நிற்கிறது. ஃபில்டரைச் சந்தேகித்தேன், சோதனைத் திரவத்தின் காலாவதித் தேதியைப் பார்த்தேன்; கடைசியில்தான் அமிலத்தன்மையை அளக்கத் தோன்றியது. அதன் அளவான பி.எச். 6-க்கு இறங்கியிருந்தது; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகும்; அதை ஈடுசெய்யும் கார்பனேட்டு மழைநீரில் அநேகமாக இல்லை என்பதால் தண்ணீர் மேலும் மேலும் புளித்து, வேலையே நின்றுபோயிருக்கிறது. நான் கேவலமாக நினைத்த கிணற்று நீரில் அது தாராளமாக இருக்கிறது. பத்து லிட்டரை எடுத்துவிட்டுக் கிணற்று நீரை ஊற்றினேன். மாலையில் பி.எச். 7-ஐ எட்டியது. பி.எச். ஏறும்போது அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். நல்ல வேளையாக உள்ளே மீன் இல்லை.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

விருந்தினர்கள் நிறைந்த வீட்டில் எல்லோரும் காலித் தொட்டியைப் பார்த்து, மீன் செத்துவிட்டதா என்று துக்கம் விசாரித்தார்கள். அம்மோனியா இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. நைட்ரைட்டு மட்டும் இன்னும் இழுக்கிறது.

9 நவம்பர், சனி

நேற்றிரவு விட்ட 20 மில்லி இன்றிரவுக்குள் முழுவதும் தீர்ந்தது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம். சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் குறைக்க முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றினேன். மூன்றில் இரண்டு பங்கு மழைநீர், ஒரு பங்கு கிணற்று நீர். இனி இதுவே எங்கள் வீட்டுக் கணக்கு. தெருமுனை நாட்டு வாதுமை மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த இலையொன்றை அலசி உள்ளே போட்டேன். நீர் மெல்ல இளந்தேநீர் நிறமாகிறது.

10 நவம்பர், ஞாயிறு

அதே கருநீல மீன் விற்றுப்போயிருந்தது. செம்மையும் வெண்மையும் கலந்த இன்னொன்று வந்தது. பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைக் கலந்து, கடைத் தண்ணீர் உள்ளே போகாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டேன். துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால் மூடி கட்டாயம். ஆனால் மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன், மூச்சு வாங்க அதற்குக் காற்று வேண்டும். வெப்பம் 27 பாகை.

14 நவம்பர், வியாழன்

மீன் தின்னவில்லை. நான்கு நாளாகச் செவுள் மூடிகளை விரித்து, தாடி வைத்ததுபோல் கறுத்த சவ்வைத் தள்ளிக்கொண்டு, தொட்டியின் இடப்பக்கத்திலேயே முன்னும் பின்னும் அலைகிறது. தண்ணீரை மூன்று முறை சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. இன்று மாலை மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மீன் பார்க்கும் திசையிலேயே பார்த்தபோதுதான் புலப்பட்டது: ஒரு முழத் தூரத்தில், சுவரில், பெல்ஜியம் கண்ணாடி. மாலை வெளிச்சத்தில் தொட்டியும் மீனும் அதில் தெளிவாகத் தெரிந்தன. பகலெல்லாம் அது தன்னையே எதிரியென்று எண்ணி மல்லுக்கு நின்றிருக்கிறது.

நீர் நிறைந்த தொட்டியை நகர்த்தினால் விரிசல் விடும். அப்பத்தா தாமாகவே ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை நான்காக மடித்துக் கண்ணாடிமேல் தொங்கவிட்டார்கள்.

16 நவம்பர், சனி

செவுள் மூடி படிந்துவிட்டது. அண்டாவைக் கட்டிய வேட்டி ஒருபக்கம் நெகிழ்ந்ததில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நான்கைந்தை வடிகட்டிப் போட்டேன். முதல் புழு நீர்ப்பரப்பைத் தொட்டதும் மீன் இலையின் அடியிலிருந்து வந்து, ஒரு கணம் நின்று, வாயைத் திறந்து இழுத்துக்கொண்டது. வேட்டியை இறுக்கிக் கட்டினேன். நாளையிலிருந்து காலையும் மாலையும் மும்மூன்று உருண்டைத் தீனி. வாரம் ஒருமுறை ஏழு லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும்.