நாலு லீவரும் ரெண்டு மச்சான்மாரும்

இவரும் என்ர தம்பியும் பங்குக்குப் போட் வாங்கேக்க என்ன சொன்னவை? "பிள்ளையளோட நேரம் செலவழிக்கலாம்." இப்ப அந்தப் பிள்ளையள் பேஸ்மென்ரில ஒளிச்சிருக்குதுகள். ஏனெண்டா கண்ணில படுற பிள்ளையைப் பிடிச்சு நிறுத்தி, "நீ சொல்லு, ஒரு லீவரா ரெண்டு லீவரா?" எண்டு கேக்கினம். என்ர சின்னவன் "எனக்கு ஹோம்வேர்க் இருக்கு" எண்டு தானாச் சொன்னதை நான் வாழ்க்கையில முதல் தரம் கேட்டனான்.

போட்டுக்கு ரெண்டு எஞ்சின். ஒண்டுக்கே பெற்றோல் அடிச்சுக் கட்டாது, அதை நான் அப்பவே சொன்னனான், விடுங்கோ. பழைய போட் எண்டபடியா பழைய முறையில நாலு லீவர். ஸ்ரியரிங்குக்கு இடப்பக்கம் கறுப்புக் குமிழ் ரெண்டு, அது கியர். வலப்பக்கம் சிவப்புக் குமிழ் ரெண்டு, அது த்ரொட்டில். கறுப்பைத் தொட்டா முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு முடிவாகும், சிவப்பைத் தொட்டா எவ்வளவு வேகம் எண்டு முடிவாகும். இவ்வளவுதான் விசயம். இதை விளங்கப்படுத்த இவர் என்ர அகப்பை ரெண்டையும் சாம்பார்க் கரண்டி ரெண்டையும் மேசையில நட்டுவைச்சு அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தவர். சோறு ஆறிப்போச்சு.

தம்பியின்ர கட்சி வேற. ரெண்டு வேலையையும் ஒரே லீவரில சேர்த்து, எஞ்சினுக்கு ஒண்டாப் புதுசு போடுவம் எண்டுறான். லீவர் நிமிர்ந்து நிண்டா நியூற்றல். முன்னுக்குத் தள்ள முதல் 'கிளிக்' கியர், அதுக்கு மேல தள்ளத் தள்ள வேகம். பின்னுக்கும் அப்பிடியே. கியர் விழாமல் எஞ்சினை உறும விடோணுமெண்டால் அதுக்கெண்டு ஒரு பட்டன் இருக்கு, அதை அமத்திப்போட்டுத்தான் தள்ளலாம். முழு வேகத்தில நிக்கிற எஞ்சினுக்கு டக்கெண்டு ரிவேர்ஸ் போட அந்த லீவர் விடாது, நியூற்றலைத் தாண்டித்தான் வரவேணும். அவசரக்காரருக்கு ஏத்த சாமான். தம்பி தன்னைத்தான் மனசில வைச்சுச் சொன்னவனோ தெரியாது.

இவ்வளவு நாளும் வராத இந்தப் பிரச்சினை எப்ப தொடங்கினது எண்டால், மே மாசத்து லோங் வீக்கெண்டில. போட்டைத் தண்ணியில இறக்கி முதல் ஓட்டம். ரொறன்ரோவுக்கு வடக்க இருக்கிற சிம்கோ ஏரி 722 சதுர கிலோமீற்றர். அதில எங்கட போட் கண்டது குக்ஸ் பே மரீனா வாசலில ஒரு நாலு காணிப் பரப்பு. திரும்பி வரேக்க மேற்குக் காத்து. தம்பி ஓட்டுறான். போட் கட்டுற டொக்குக்குக் கிட்ட வந்து நியூற்றல் போட்டவன், காத்து பக்கத்துப் போட்டடிக்குத் தள்ளுது, அவன் பதறிப்போய்க் கறுப்பைப் பிடிக்கிறதாய் நினைச்சுக்கொண்டு சிவப்பு ரெண்டையும் தள்ளிப்போட்டான். ஐயோ, அந்தச் சத்தம்! பார்பிகியூவில இறைச்சி பிரட்டிக்கொண்டு நிண்ட வெள்ளைக்காரன் இடுக்கியோட எழும்பி வந்து பாக்கிறான். எஞ்சின் ரெண்டும் உறுமுது, போட் அசையேல்லை, காத்து மட்டும் தன்ர வேலையைச் செய்யுது. இந்த நேரம் பாத்து இவர் பக்கத்திலயிருந்து கையை நீட்டிக் கறுப்பைப் பின்னுக்கு இழுத்தார். கடகடகடக்! அந்தச் சத்தம் என்ர பல்லுக்குள்ள கேட்டது.

மெக்கானிக் வந்து பாத்து, கியர் தப்பினது உங்கட அதிர்ஷ்டம், கேபிள் எல்லாம் பழசு, இப்போதைக்கு இறுக்கி விடுறன், கொன்ட்ரோலை முழுசா மாத்துங்கோ எண்டான். எது போட எண்டு கேட்டான். அண்டைக்குப் பிடிச்ச சனியன் இது.

"நாலு லீவர் இருந்தபடியாத்தான் மாறிப் பிடிச்சனான் அத்தான்."

"நீ மாறிப் பிடிச்சதுக்கு லீவர் என்னடாப்பா செய்யும் மச்சான்?"

நெடுஞ்சாலை 404 முழுக்க இதுதான். ரேவன்ஷூ வீதியில ஏறினா ஸ்காபரோ வரைக்கும் என்ர காதுதான் டொக்.

நியாயமாச் சொன்னா இவர் சொல்லுறதிலயும் சரக்கு இருக்கு. டொக்கில கட்டேக்க சிவப்பை முழுக்கக் குறைச்சு விட்டிட்டு கறுப்பு ரெண்டை மட்டும் ஆட்டினாக் காணும். இடப்பக்க எஞ்சின் முன்னுக்கு, வலப்பக்க எஞ்சின் பின்னுக்கு எண்டு போட்டா, நல்லூர்த் தேர் மூலையில திரும்பிற மாதிரி நிண்ட இடத்திலயே வலப்பக்கம் சுத்தும். ஒற்றை லீவரிலயும் இதைச் செய்யலாம், ஆனா கை ஒரு விரற்கடை கூடத் தள்ளினா கியரோட வேகமும் வந்திடும். ஏரி குழம்பி போட் துள்ளேக்கயும் அதே வில்லங்கம், தெரியாமல் கை பட்டு நியூற்றலுக்கு வந்திடும் எண்டு பயமாம். ரேஸ் போட்டுகளில ஒராள் ஸ்ரியரிங், மற்றாள் த்ரொட்டில் மட்டும் எண்டு பிரிச்சே வைச்சிருக்கினமாம். இவர் அந்த வீடியோவை எனக்கு இரவு பதினொரு மணிக்குக் காட்டினவர். நான் கேட்டன், "உங்கட ரெண்டு பேருக்கும் நடுவில அப்பிடிப் பிரிச்சா ஆர் ஸ்ரியரிங்?" வீடியோவை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டார்.

தம்பி இன்னொரு கணக்கும் விட்டவன்: லீவர் பாதியாகுது, காசும் பாதியாகும். மச்சாளுக்கு அதுதான் பிடிச்சது. மெக்கானிக் சிரிச்சுப்போட்டு, ஒரு லீவரெண்டாலும் எஞ்சினுக்குக் கியர் கேபிள் ஒண்டு, த்ரொட்டில் கேபிள் ஒண்டு வேணும், நாலு கேபிளும் நாலுதான் எண்டிட்டான். மச்சாள் அண்டையிலயிருந்து கட்சி மாறி நடுநிலை.

போன ஞாயிறு பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனம். குருநகரில வள்ளமோட்டின மனிசன், கனடா வந்து இவ்வளவு காலத்தில தண்ணியெண்டு பாத்தது பேருந்துக் கண்ணாடியால ஒன்ராறியோ ஏரி. ஏறின உடன லீவர் நாலையும் பாத்தார். ஒண்டும் கதைக்கேல்லை. ரெண்டு மச்சான்மாரும் மாறி மாறி விளங்கப்படுத்தினவை. கேட்டு முடிச்சிட்டுச் சொன்னார்:

"எங்களுக்கு எஞ்சின் பின்னால. பிடி ஒண்டு, முறுக்கினா ஓடும். கியர் பக்கத்தில கிடக்கும்."

"பாத்தீங்களோ, கியர் வேற, வேகம் வேற!" எண்டு இவர் துள்ளினார்.

"ஒரு பிடி எண்டுதானே சொல்லுறார்!" எண்டு தம்பி.

பெரியப்பா அவையைப் பாக்கேல்லை. "சண்டைக் காலத்தில நேவிக்கு ஒளிச்சு, கிளாலிக் கடலில பின்னுக்கு வள்ளங்களைக் கோத்துக் கட்டி, சனத்தை ஏத்தி, இருட்டுக்குள்ள இழுத்தனாங்கள். ரிவேர்ஸ் போட்ட ஞாபகமே இல்லை" எண்டார்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. தம்பி அந்த வள்ளத்தில ஒண்டில வந்தவன்தான், அம்மாவின்ர மடியில. அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கு.

திரும்பி வரேக்க அதே மேற்குக் காத்து, அதே டொக், அதே இடுக்கிக்காரன். இந்தத் தரம் அவன் முன்னமே எழும்பி நிண்டிட்டான். தம்பிக்கும் இவருக்கும் ஆர் கட்டுறது எண்டு இழுபறி. பெரியப்பா எழும்பி வந்து ரெண்டு பேரையும் தோளில பிடிச்சு அரக்கிப்போட்டு நிண்டார். சிவப்பு ரெண்டையும் அடியில குறைச்சு விட்டவர், பேந்து அதைத் தொடவே இல்லை. கறுப்பு ஒண்டை முன்னுக்கு, மற்றதைப் பின்னுக்கு, நடுவுக்கு, திரும்ப ஒருக்கா. அவசரமில்லை. காத்து தள்ளுறதையும் ஒரு எஞ்சினாக் கணக்கில எடுத்தவர் போல. போட் டொக்கில முட்டினது எனக்குத் தெரியேல்லை, மச்சாள் கயித்தோட இறங்கினதைக் கண்டுதான் வந்திட்டம் எண்டு விளங்கினது. இடுக்கிக்காரன் கை தட்டினான்.

ஓட்டுறதெண்டால் அட்டை எடுத்திருக்கோணும் எண்டது இந்த நாட்டுச் சட்டம். பெரியப்பாட்ட முதியோர் பஸ் அட்டை மட்டும்தான் இருக்கு. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.

இனியாவது சண்டை முடியும் எண்டு நினைச்சன். கார் 404இல ஏற முதலே தொடங்கிட்டினம்.

"பாத்தியா மச்சான், சிவப்பைத் தொடாமல் கட்டினவர். நாலு லீவரின்ர அருமை அதுதான்."

"அத்தான், அவர் தொட்டது ரெண்டே ரெண்டு. அப்ப ரெண்டு காணும்தானே?"

பெரியப்பா பின் சீற்றில நித்திரை. அல்லது நித்திரை மாதிரி.

இண்டைக்குக் காலமை மெக்கானிக் ஃபோன் எடுத்தவன், சீசன் முடிய முதல் சொல்லுங்கோ எண்டு. இவர் வேலைக்குப் போட்டார், தம்பி ஃபோன் எடுக்கிறானில்லை. நாலு எண்டு சொல்லிப்போட்டன். கறுப்பில ரெண்டு, சிவப்பில ரெண்டு, இருந்த இடத்திலயே. அந்த மனிசன்ர கை பழகின இடம் மாறக்கூடாது. ரெண்டு மச்சான்மாருக்கும் இன்னும் தெரியாது. பில் வரேக்க தெரியும்.

இப்ப மகள் பெரியப்பாவை அட்டைச் சோதினைக்குப் பயிற்சி குடுக்கிறாள். எல்லாம் ஐபாடில, நாலு விடையில ஒண்டைத் தொடோணும். கரையிலயிருந்து 30 மீற்றருக்குள்ள 10 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல போகக்கூடாது எண்டதை ஒத்துக்கொண்டார். லைஃப் ஜக்கெற்றையும் ஒத்துக்கொண்டார். பேந்து கேட்டாள், "தாத்தா, இரவில எதிர்ல ஒரு போட் நேர உங்களைப் பாத்து வருது. என்ன செய்வீங்கள்?"

"எஞ்சினை நூத்துப்போட்டு, சனத்தைக் குனியச் சொல்லுவன்."

அது நாலு விடையிலயும் இல்லையாம். சோதினை வைக்கிறவைக்குக் கடலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது எண்டு மத்தியானத்திலயிருந்து ஏசிக்கொண்டிருக்கிறார்.