கொங்கனை விரட்டிய ஊரில் ஒரு கோயம்புத்தூர்க்காரன்

சித்தூர் என்றதும் ஆந்திரா பஸ்ஸைத் தேடாதீர்கள். இது பாலக்காட்டுச் சித்தூர். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை தாண்டினால் வந்துவிடும். போர்டு எல்லாம் மலையாளம், டீக்கடைப் பேச்சு பாதிக்குப் பாதி தமிழ்.

முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி பகவதி கோவில் என்றேன். 150 ரூபாய் கேட்டார். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கோவில் வந்துவிட்டது. "என்னங்க இது?" என்றால், "திரும்பி காலியாத்தானேண்ணா வரணும்" என்று சுத்தமான கொங்குத் தமிழில் பதில். அன்றைக்கு நான் எடுத்துப் போனதே 500 ரூபாய்.

நான் போனது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, கொங்கன்படை. கொங்கு நாட்டு ராஜா ஒருத்தன் படையெடுத்து வந்ததாகவும், பகவதி அம்மனே இறங்கி அவனை முடித்ததாகவும் கதை. வருஷா வருஷம் கும்ப மாதத்தில், அதாவது நம்ம மாசியில், அந்த வெற்றியைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். நான் போனது திருவிழா இல்லாத நாள். கோவில் வெறிச்சென்று இருந்தது.

இன்னொன்று, ஆர்.கே. சண்முகம் செட்டியார். எங்கள் ஊர்க்காரர். அந்தக் காலத்தில் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, சுற்றிலும் பிரிட்டிஷ் பகுதிகள். அந்தக் கொச்சிக்கு 1935 முதல் 1941 வரை திவானாக இருந்தவர் இவர். கொங்கனை விரட்டியதைக் கொண்டாடும் ஊரை ஆறு வருஷம் ஒரு கொங்கன் ஆண்டிருக்கிறார்! இதைவிட ருசியான விஷயம் வேண்டுமா?

அதற்கு முன்பே அவர் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தலைவராக இருந்தவர். நீதிக்கட்சி, சுயராஜ்யக் கட்சி என்று கட்சி மாறியவரும்தான். 1932-ல் ஒட்டாவா மாநாடு, 1938-ல் ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம், போர்க்காலத்தில் வாஷிங்டனில் இந்தியாவுக்காகக் கொள்முதல், 1944-ல் உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் அடித்தளம் போட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாடு. தூதர் பட்டம் இல்லாமலே தூதர் வேலை. காங்கிரஸ்காரர் இல்லாதவரை நேரு அமைச்சரவையில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆக்கினார்கள். 1947 நவம்பர் 26-ல் அவர் போட்ட முதல் பட்ஜெட்டில் வரவு 171 கோடி, செலவு 197 கோடி. மறு வருஷமே ராஜினாமா.

எர்ணாகுளத்தில் அவர் பெயரில் சண்முகம் ரோடு இருக்கிறது. சித்தூரில் நான் விசாரித்த ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. டீக்கடைப் பெரியவர் மட்டும், "கோயமுத்தூருங்களா? அப்ப நீங்க கொங்கன்" என்று சிரித்தார். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டோ காயத்துக்கு அது கொஞ்சம் மருந்து.

அப்புறம் இட்லிக்குப் பேர் போன ராமசேரி கிராமம். போகாமல் வந்துவிடாதீர்கள். பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, மாவை ஊற்றி, விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். இட்லி தட்டையாக, குட்டி ஆப்பம் மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கமிருந்து நெசவுக்கு வந்த முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவமாம். தேங்காய் எண்ணெய் குழைத்த பொடியோடு நான்கு தின்றேன். பிறகு இன்னும் இரண்டு. சட்னியை நான் தொடவே இல்லை. தேங்காய் எண்ணெய் என்றால் முகம் சுளிக்கும் கோயம்புத்தூர் நாக்கு எனக்கு. பொடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. வீட்டுக்கும் ஒரு பொட்டலம் பொடி வாங்கினேன்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் இறங்கிக் கணக்குப் பார்த்தால் கையில் 12 ரூபாய். செட்டியார் பட்ஜெட்டில் 26 கோடி துண்டு விழுந்தது. நான் எப்படியோ தப்பித்துவிட்டேன். டவுன் பஸ்ஸுக்குக் கையை விட்டால் பத்து ரூபாய் நோட்டு கிழிந்திருந்தது.