சிடிஎம் 2015: கிளையண்ட் பகுதியில் நான் மதிப்பெண் இழந்த இடங்கள்

பிரிட்டனின் கட்டுமானப் பாதுகாப்புத் தேர்வுக்காக சிடிஎம் 2015 (கட்டுமானப் பணிகளின் வடிவமைப்பு, மேலாண்மை விதிகள்) படித்தபோது, கிளையண்ட் பகுதியை ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பணம் கொடுத்து வேலை வாங்குபவருக்கு அப்படியென்ன கடமை இருந்துவிடப் போகிறது? மாதிரித் தேர்வில், "கட்டுமானக் காலத் திட்டத்தை கிளையண்ட் தயாரிக்க வேண்டும்" என்று எழுதிவைத்தேன். 'தயாரிக்க' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு தாள் திரும்பி வந்தது.

இந்த விதிகளில் வினைச்சொல்லுக்குத்தான் மதிப்பெண். வேலைத்தளப் பாதுகாப்புக்கான அந்தத் திட்டத்தைத் தயாரிப்பவர், கட்டுமானக் கட்டத்தை ஒருங்கிணைக்கும் பிரின்சிபல் கான்ட்ராக்டர். ஒரே கான்ட்ராக்டர் என்றால் அவரே. அது தயாராகாமல் கட்டுமான வேலை தொடங்காதபடி பார்த்துக்கொள்வதுதான் கிளையண்டின் கடமை. அவர் தாமே கொடுக்க வேண்டியது முன்தகவல்: பழைய வரைபடங்கள், ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வறிக்கை, மண்ணுக்கடியில் போகும் மின்கம்பிகளின் விவரம். அலமாரியில் கிடப்பதை எடுத்து நீட்டினால் போதாது. நியாயமான முயற்சியில் கிடைக்கக்கூடியதையும் தேடித் தர வேண்டும். இதை எழுதுபவர்கள் குறைவு.

இரவல் வாங்கிய குறிப்புகளை நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்தவை 2007 விதிகளுக்கானவை. அவற்றில் இருந்த 'சிடிஎம் கோஆர்டினேட்டர்' பதவி 2015 ஏப்ரலில் ஒழிந்து, வடிவமைப்புக் கட்டத்தில் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பிரின்சிபல் டிசைனர் வந்துவிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட கான்ட்ராக்டர்கள் இருந்தால், வேலை எவ்வளவு சிறியதானாலும் பிரின்சிபல் டிசைனரையும் பிரின்சிபல் கான்ட்ராக்டரையும் எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் அந்தப் பொறுப்புகள் கிளையண்டின் தலையிலேயே விழும்.

பெரிய வேலைகளைப் பற்றி அரசின் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்பும் எஃப்10 அறிவிப்பை மனப்பாடம் செய்யாமல் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 30 வேலைநாட்களைத் தாண்டி, ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் வேலை செய்தால் அறிவிக்க வேண்டும். அல்லது மொத்தம் 500 ஆள்நாட்களைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். 12 பேர் 40 நாள்: 480 ஆள்நாள், தேவையில்லை. 25 பேர் 21 நாள்: 525, தேவை. முதல் நிபந்தனையில் நாட்கள், ஆட்கள் இரண்டும் சேர்ந்தே தாண்ட வேண்டும்; அதை 'அல்லது' என்று படித்து நான் ஏமாந்தேன்.

வீட்டு கிளையண்ட் (தன் வீட்டு வேலையைச் செய்விப்பவர்) பகுதி எளிது; கடமைகள் பெரும்பாலும் கான்ட்ராக்டருக்கோ பிரின்சிபல் கான்ட்ராக்டருக்கோ போய்விடும். ஆனால் தொழில் சாராத வேலைக்கு மட்டுமே இந்தச் சலுகை. உண்மைத் தேர்வில் வந்த வீடு வாடகைக்கு விடுவதற்கானது. கேள்வியின் முதல் வரியிலேயே அது இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.