கேம்ல கட்டுன கல்யாணம் செல்லுமா செல்லாதா

சரித்திர ஆர்பிஜி கேம்ல, அதாவது நாமளே ஒரு கேரக்டரா கதைக்குள்ள வாழ்ற கேம்ல, கல்யாணம்னா பெரும்பாலும் ஒரே ரூட்தான். பரிசு குடு, பேசு, ரெண்டு வேலை முடிச்சுக் குடு, ஹார்ட் மீட்டர் நிரம்புனதும் ஒரு பட்டன் வரும், அமுக்குனா கல்யாணம். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணோ பையனோ வீட்டுல ஒரு மூலையில நின்னுட்டு தினமும் அதே டயலாக்கை சொல்லிட்டு இருப்பாங்க. நான் ரூல்ஸ் டிசைனரா சேர்ந்த ப்ராஜெக்ட்லயும் ஆரம்ப வெர்ஷன்ல இதுதான் இருந்துச்சு. கதை நடக்கறது 1340கள் இங்கிலாந்துல, ஒரு டவுன், அதைச் சுத்தி பண்ணைகள். எங்க லீட் கல்யாண மாட்யூலை என்கிட்ட தள்ளும்போது "சின்ன வேலைதான்பா, சட்டுனு முடிச்சுட்டு சந்தை சிஸ்டத்துக்கு வந்துடு"ன்னார். சந்தை சிஸ்டத்தை கடைசியில வேற யாரோ பண்ணாங்க.

விஷயம் என்னன்னா அந்தக் காலத்து சர்ச் சட்டப்படி ஒரு கல்யாணம் ஆகறதுக்கு பாதிரியார் தேவையில்ல, சர்ச் தேவையில்ல, அப்பா அம்மா சம்மதம் தேவையில்ல, சாட்சி கூட தேவையில்ல. 1159லருந்து 1181 வரைக்கும் போப்பா இருந்த மூணாம் அலெக்சாண்டர் காலத்துல கெட்டிப்பட்ட ரூல் இது. ஒரு ஆணும் பொண்ணும் மனசார "உன்னை என் மனைவியா ஏத்துக்கறேன்", "உன்னை என் புருஷனா ஏத்துக்கறேன்"னு இப்ப நடக்கற மாதிரி சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது, சாகற வரைக்கும் கட்டு. "ஏத்துக்குவேன்"னு வருங்காலத்துல சொன்னா அது நிச்சயதார்த்தம் மட்டும்தான், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துட்டா அதுவும் கல்யாணமா ஆயிடும். ஊரறிய மூணு ஓலை வாசிச்சு, அதாவது இவங்க கட்டிக்கப் போறாங்க, தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு சர்ச்ல அறிவிச்சு, சர்ச் வாசல்ல வெச்சுப் பண்ணலைன்னா தப்புதான், தண்டனை உண்டு, ஆனா கல்யாணம் கல்யாணம்தான், செல்லும். பாதிரியாரும் சாட்சியும் இல்லாம செல்லாதுன்னு கத்தோலிக்க சபை சொன்னது 1563லதான், ட்ரென்ட் சங்கத்துல, அதாவது அங்க பிஷப்புகள் கூடுன பெரிய கூட்டத்துல. இங்கிலாந்துல அதுக்கும் பின்னாடி, 1753ல பார்லிமென்ட் சட்டம் போட்டப்புறம்.

யார்க்ல இருந்த சர்ச் கோர்ட்டோட வழக்குக் கட்டுகள் 1300கள்லருந்தே மிச்சம் இருக்கு. அந்த மாதிரி வழக்குகள்ல சாட்சி சொல்ல வர்றவங்க சொல்ற இடங்களைப் பாத்தா சமையக்கட்டு, சாராயக்கடை, தோட்டம், மரத்தடி, நடுரோடுன்னு இருக்கு. அதைவிட எனக்கு ஆச்சரியமா இருந்தது, வழக்கு போடறவங்கள்ல நிறைய பேர் பிரிச்சு விடுங்கன்னு வரல, "எனக்கும் இவருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, இவர் இல்லைங்கறார், நீங்க ஆமான்னு சொல்லுங்க"ன்னு வந்தவங்க.

இதைப் படிச்சப்புறம் எங்க கேம்ல இருந்த அந்த ஒத்தை ஃப்ளாக், கல்யாணம் ஆச்சு இல்ல ஆகலன்னு மட்டும் குறிச்சு வெக்கறது, எனக்கு சுத்தமா பிடிக்காமப் போச்சு. ஏன்னா அந்த உலகத்துல மூணு தனித்தனி விஷயம் இருக்கு, நிஜமா என்ன சொன்னாங்க, ஊரு என்ன நம்புது, கோர்ட் என்ன தீர்ப்பு சொல்லுச்சு. மூணும் ஒண்ணா இருந்தா பிரச்சனையே இல்ல. இல்லாதப்போதான் கதை.

ப்ரோக்ராமர்கிட்ட போய் ஒரு ஃப்ளாக்கை மூணாக்கணும்னு சொன்னேன். அவர் ஸ்க்ரீன்லருந்து கண்ணை எடுக்காமலே "எதுக்கு தம்பி, கட்டிக்கிட்டானா இல்லையா, அவ்ளோதானே"ன்னார். நான் மார்ஜரி பாஸ்டன் கதையைச் சொன்னேன், எங்க கேம் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல பிந்தி, 1469ல நடந்தது, ஆனா சட்டம் அதேதான். நார்ஃபோக் பக்கம் பெரிய குடும்பம், பொண்ணு அந்த வீட்டுக் காரியஸ்தர் ரிச்சர்ட் கால்ங்கறவரை ரகசியமா கட்டிக்கிச்சு, கட்டிக்கிச்சுன்னா வார்த்தை சொல்லிக்கிட்டாங்க, அவ்வளவுதான். குடும்பம் விடல, நாரிச் பிஷப் வரைக்கும் போச்சு. அவர் பொண்ணைக் கூப்பிட்டு என்னம்மா வார்த்தை சொன்னேன்னு கேட்டார், பையனைத் தனியா விசாரிச்சார். அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே சொல்லிட்டு, இந்த வார்த்தை பத்தலைன்னா இன்னும் உறுதியா சொல்றேன்னு நின்னுச்சு. அம்மா வீட்டுக் கதவை சாத்திட்டாங்க. ஆனா கல்யாணம் நின்னுச்சு, அந்தக் குடும்பத்தால ஒண்ணும் பண்ண முடியல. ப்ரோக்ராமர் நாற்காலியைத் திருப்பி "சரி, ரெண்டு பேருல ஒருத்தர் பொய் சொல்லியிருந்தா?"ன்னு கேட்டார். மூணு ஃப்ளாக் அன்னைக்கே ஓகே ஆச்சு.

பொய் சொன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு பெரிய உதாரணமும் இருக்கு. இங்கிலாந்து ராஜா நாலாம் எட்வர்ட் 1464ல எலிசபெத் உட்வில்லை ரகசியமா கட்டுறார், புள்ளைகள் பொறக்குது, அவர் 1483ல செத்ததும் தம்பி ரிச்சர்ட் பக்கத்து ஆளுங்க, அண்ணன் அதுக்கு முன்னாடியே எலினார் பட்லர்ங்கற அம்மாவுக்கு வார்த்தை குடுத்துட்டார், அதனால இந்தக் கல்யாணம் செல்லாது, பசங்களுக்கு பட்டம் கிடையாதுன்னு கிளப்புறாங்க, ரிச்சர்ட் ராஜா ஆயிட்டார், 1484 பார்லிமென்ட் அதை சட்டமாவே எழுதி வெச்சுது. அந்த எலினார் 1468லயே போய்ச் சேர்ந்தாச்சு, எட்வர்டும் இல்ல, யாரைக் கேக்கறது. நிஜமா வார்த்தை குடுத்தாரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கறாங்க. ஒரு ராஜ்யமே கை மாறுது, நிரூபிக்க முடியாத ஒரு பேச்சால. இதைவிட நல்ல குவெஸ்ட்டை எந்த ரைட்டர் எழுதிக் குடுப்பார் சொல்லுங்க.

அதனால எங்க கேம்ல கல்யாண பட்டனை எடுத்துட்டோம். பேசற இடத்துல ரெண்டு வரி வரும், ஏத்துக்கறேன், ஏத்துக்குவேன், ப்ளேயர் எதைச் சொன்னான், எங்க வெச்சு சொன்னான், யார் காதுல விழுந்துச்சு எல்லாம் பதிவாகும். எங்க டெஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க, எதைக் குடுத்தாலும் உடைச்சுக் காட்றவங்க. கிராமத்துல ஒரு பொண்ணுகிட்ட கிணத்தடியில ஏத்துக்கறேன்னு சொல்லிட்டு, டவுனுக்குப் போயி நல்ல வசதியான துணி வியாபாரி பொண்ணை சர்ச் வாசல்ல ஓலையெல்லாம் வாசிச்சு கட்டிக்கிட்டாங்க. முதல் பொண்ணு கேஸ் போட்டுச்சு. முழு நிரூபணத்துக்கு ரெண்டு சாட்சி வேணும், கிணத்தடியில யாரும் இல்ல, கேஸ் தோத்துச்சு. டெஸ்டர் கையைத் தட்டி "அப்பாடா தப்பிச்சேன்"னாங்க. அப்புறம்தான் கேம் தன் வேலையைக் காட்டுச்சு. கோர்ட் தீர்ப்புப்படி ரெண்டாவது பொண்ணோடதான் வாழணும், ஆனா நிஜத்துல முதல் பொண்ணுதான் மனைவி, அது ப்ளேயருக்கு மட்டும் தெரியும், பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனா பாதிரியாரும் அதைத்தான் சொல்வார். இந்த மாதிரி இக்கட்டுல சபைவிலக்கமே வந்தாலும் பொறுத்துக்கோ, ரெண்டாவது ஆளோட சேராதேன்னு அந்தக் காலத்து சர்ச் சட்ட அறிஞர்கள் எழுதியிருக்காங்க. டெஸ்டர் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு "இது கோட்ல வந்த பிழையா, இல்ல வேணும்னே வெச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. வேணும்னேதான்.

சொந்தபந்த ரூல் வேற ஒரு தலைவலி. 1215 லாத்தரன் சங்கத்துக்கு முன்னாடி ஏழு தலைமுறை தடை, அதாவது மேல போனா அந்த ஏழாவது வரிசையில மட்டும் 128 முன்னோர், இதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருப்பா, அதனால 1215ல நாலா குறைச்சாங்க. நாலுன்னா எள்ளுத் தாத்தா பாட்டி வரைக்கும், ரெண்டு பேருக்கும் அதுல ஒருத்தர் பொதுவா இருந்தா கட்டக்கூடாது. ஏழு தலைமுறை வேணாம்னு நாலுலயே ஆரம்பிச்சோம், அப்பவும் எங்க கிராமத்துல இருந்த என்பிசி, அதாவது கம்ப்யூட்டரே ஓட்டுற கேரக்டர், எல்லாருக்கும் குடும்ப மரத்தை கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்ததுல கொஞ்ச தலைமுறை ஓடுனதும் யாரும் யாரையும் கட்ட முடியாம ஊரே பிரம்மச்சாரியா நின்னுச்சு. இதுல ஞானப்பெற்றோர் உறவும் சேரும், ஞானஸ்நானத்துல குழந்தையைத் தூக்குனவர் அந்தக் குழந்தையையும் கட்டக்கூடாது, அதோட அப்பா அம்மாவையும் கட்டக்கூடாது. நம்ம டெஸ்டர் சும்மா இருப்பாங்களா, ஒரு விதவை மேல கண்ணு வெச்சிருந்த போட்டிக்காரனை நைசா பேசி அந்த விதவையோட குழந்தைக்கே ஞானத்தகப்பன் ஆக்கி விட்டுட்டாங்க. ஆள் அவுட். அதை கோட் பிழைன்னு யாரோ எழுதி வெச்சாங்க, நான் அழிச்சுட்டேன்.

எப்படி சரி பண்ணோம்னா, உறவு இருக்கறதும் உறவு தெரிஞ்சிருக்கறதும் வேறன்னு வெச்சோம். ஓலை வாசிக்கும்போது ஊர்ல யாராவது ஞாபகம் வெச்சு எழுந்து சொன்னாத்தான் தடை. நிஜத்துலயும் தேவைப்படும்போதுதான் ஞாபகம் வரும். அக்விட்டேன் எலினாரும் ஃபிரான்ஸ் ராஜா ஏழாம் லூயியும் 1137ல கட்டி பதினஞ்சு வருஷம் வாழ்ந்து ரெண்டு பொண்ணு பெத்தப்புறம், 1152 மார்ச்ல, அய்யோ நாங்க சொந்தமாச்சேன்னு பிரிஞ்சாங்க. மே மாசமே அந்தம்மா கட்டுனது ஆஞ்சு ஹென்றியை, பின்னாடி இங்கிலாந்து ராஜா ஆனவர், அவரும் தடைக்குள்ள வர்ற சொந்தம்தான். அந்தக் கல்யாணத்தை அது ஒண்ணும் தடுக்கல.

இன்வென்டரி, அதாவது கேரக்டர் கையில இருக்கற பொருள் பட்டியல், அந்த விஷயத்துக்கு வர்றேன், ஆபீஸ்ல பெரிய சண்டை வந்தது இதுலதான். ஒரு பெண் கேரக்டரை எடுத்து விளையாடி, நூல் நூத்து, பீர் காய்ச்சி வித்து, கஷ்டப்பட்டு காசு சேத்து, பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு, அடுத்த நாள் இன்வென்டரியைத் திறந்தா காலி. அந்த நாட்டு சட்டப்படி மனைவியோட அசையும் பொருள் எல்லாம் புருஷனுக்கு, நிலம் இருந்தா நிர்வாகம் அவனுக்கு, விக்கறதுன்னா மட்டும் அவ சம்மதம் வேணும், ராஜா கோர்ட்ல நீதிபதி அவளைத் தனியா வெச்சு கேப்பார். ப்ளேடெஸ்ட்ல ஒருத்தர் கண்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டு எழுந்து போயிட்டார். மார்க்கெட்டிங் ஆளுங்க இதை எடுத்துடுங்கன்னாங்க, ரைட்டர் ஒருத்தர் எடுத்தா அது பொய்ன்னார், நான் எடுக்கக்கூடாதுன்னு நின்னேன், ஆனா முன்னாடியே தெரியாம பறிச்சா அது டிசைன் இல்ல வழிப்பறிங்கறதையும் ஒத்துக்கிட்டேன். இப்போ அந்த ரெண்டு வரியில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு பாட்டி கேரக்டர் வந்து என்னென்ன கைமாறும்னு சொல்லிடும். லண்டனுக்குக் குடிபோற வழியும் வெச்சோம், அங்க வழக்கப்படி கல்யாணம் ஆன பொண்ணு தனியாளா பதிஞ்சு தன் பேர்ல வியாபாரம் பண்ணலாம், கடனுக்கும் அவளே பொறுப்பு. விதவையாயிட்டா புருஷன் நிலத்துல மூணுல ஒரு பங்கு ஆயுசுக்கும், மறுபடி கட்டுன்னு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மாக்னா கார்ட்டாங்கற உரிமைச் சாசனத்துலயே இருக்கு. இது தெரிஞ்சதும் ப்ளேயர்கள் வயசான பணக்காரனாத் தேட ஆரம்பிச்சாங்க, அதைத் தடுக்கல, அப்பவும் அப்படித்தானே தேடியிருப்பாங்க.

ஒரே ஒரு இடத்துல மட்டும் சரித்திரத்தை வெளிய நிறுத்துனோம். சர்ச் சட்டத்துல கல்யாண வயசு பொண்ணுக்கு 12, பையனுக்கு 14. எங்க கேம்ல 18க்குக் கீழ இருக்கற யாரும் இந்த சிஸ்டத்துக்குள்ளயே வர மாட்டாங்க. இதுக்கு மீட்டிங் கூட நடக்கல, எல்லாரும் ஒரே பேச்சு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துலயும் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துலயும் சர்ச்ல கல்யாணம் நடத்தக்கூடாதுங்கறதை காலண்டர்ல போட்டோம், அது சுலபம். பண்ணையாள் பொண்ணைக் கட்டிக் குடுத்தா பிரபுவுக்குக் கட்டுற காசையும் போட்டோம், எவ்வளவுங்கறது பண்ணைக்குப் பண்ணை மாறும்.

கல்யாணம் ஒரு வழியா முடிஞ்சு வாரிசு சிஸ்டத்துக்குப் போனா அங்கயும் இதே கூத்து. கல்யாணத்துக்கு முன்னாடி குழந்தை பொறந்து அப்புறம் அப்பா அம்மா கட்டிக்கிட்டா, சர்ச் சட்டப்படி அந்தக் குழந்தை முறைப்படி பொறந்ததாயிடும். 1236ல மெர்ட்டன்ங்கற ஊர்ல நடந்த கூட்டத்துல பிஷப்புகள் நாட்டு சட்டத்தையும் அப்படி மாத்தச் சொல்லிக் கேட்டப்போ பிரபுக்கள் இங்கிலாந்து சட்டத்தை மாத்த மாட்டோம்னு ஒரே அடியா சொல்லிட்டாங்க. ஆக அதே குழந்தை சர்ச்சுக்கு முறையான புள்ளை, அப்பன் நிலத்துக்கு வாரிசு இல்ல. ப்ரோக்ராமர்கிட்ட இதைச் சொல்லப் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே "எத்தனை ஃப்ளாக்?"ன்னார். ரெண்டுன்னு சொன்னேன். நம்பாம இன்னும் ரெண்டு சேர்த்தே போட்டு வெச்சிருக்கார்.