தொங்கவிடுவதா, படுக்கவைப்பதா: பழைய உடைகளோடு நடக்கும் வேலை

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன உடை அருங்காட்சியகத்தில் இப்போது என் வேலை முழுக்க சேமிப்பு அறையில்தான். ஒவ்வொரு உடையாக எடுத்து, எது ஹேங்கரில் தொங்கலாம், எது பெட்டியில் படுத்தே கிடக்கவேண்டும் என்று பிரிக்கிறேன்.

தோள் தையல் உறுதியாக இருக்கும் பருத்திச் சட்டை, கம்பளிக் கோட்டெல்லாம் தொங்கலாம். ஹேங்கரைச் சுற்றிப் பாலியஸ்டர் பஞ்சு வைத்து, துவைத்துக் கஞ்சி போக்கிய மஸ்லினில் உறை தைத்துவிடுகிறேன். 1920களின் மணி கோத்த கவுன்களுக்கு இது சரிவராது, அந்த மணிகளின் கனமே தோள்பட்டையைக் கிழித்துவிடும். துணியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டித் தைத்த கவுன்களும் தொங்கத் தொங்க நீண்டுகொண்டே போகும், அவையும் பெட்டிக்குத்தான்.

அதிக நேரம் எடுப்பது பட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பட்டுகளில் பல, எடை ஏற்றியவை. பட்டின் பசையை நீக்கும்போது எடை குறைகிறது, பட்டை விற்பதோ எடைக்கு, அதனால் வெள்ளீய உப்பை ஏற்றி ஈடுகட்டினார்கள், துணியும் நன்றாகக் கனத்து விழுந்தது. அந்த உப்புதான் இன்று இழையை நொறுக்குகிறது, வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. இப்போது மேஜையில் இருக்கும் ஒரு பாவாடையின் லைனிங், மடிப்பு விழுந்த இடமெல்லாம் நேர்க்கோடாகப் பிளந்து, தொட்டால் சருகு மாதிரி உதிர்கிறது. ஊசி போட்டால் அந்தத் துளையிலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும். அதனால் தைக்கவே இல்லை. அமிலமில்லாத டிஷ்யூ பேப்பரைத் தளர்வாக உருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, அடியில் ஒரு பலகை கொடுத்து, பலகையோடு சேர்த்தே தூக்குகிறோம். இப்படிப்பட்ட பட்டைக் காட்சிக்கு நிற்கவைக்கச் சொல்லிக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன், படுக்கவைத்து, 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாமல், கொஞ்ச நாள் காட்டிவிட்டு எடுத்துவிடலாம்.

அப்புறம் அந்துப்பூச்சி. பூச்சி இருக்குமோ என்று சந்தேகப்படும் கம்பளிகளைப் பாலித்தீனில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கிறோம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது, உள்ளே இருப்பது அறையின் சூட்டுக்கு வரும்வரை ஈரம் பைக்கு வெளியேதான் படியவேண்டும். இப்போது ஃப்ரீசருக்குள் இருப்பது ஒரு சால்வையும் இரண்டு கோட்டுகளும், அவை வந்ததும் தொப்பி அலமாரி.