வைவாவுக்குப் பின்: ஆத்தங்குடி நாட்குறிப்பு

ஜூன் 18, 2025

பிஎச்.டி. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, அதுதான் வைவா, முடிந்து பதினொரு நாள். தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் "டாக்டராயிட்டியாமே" என்கிறார்கள். அடுத்த கேள்வி, "வேலை எங்கே?" அப்பத்தா மட்டும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

காரைக்குடி போனபோது சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலைய வாசலில் கொஞ்சம் நின்றேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-ல் திறக்கப்பட்ட இடம். 'மின்வேதியியல்' என்ற சொல்லை நான் முதலில் படித்ததே அந்தப் பெயர்ப் பலகையில்தான்.

ஜூன் 27

வாக்-இன் இன்டர்வியூ. ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டில் ரிசர்ச் அசோசியேட் வேலை, ஒரே இடம். மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. காலை ஒன்பதுக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நாலரைக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த அக்கா கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. அவருக்கு இது நான்காவது ப்ராஜெக்ட். இத்தனை வருஷம் படித்தவர்களை வராந்தாவில் நாள் முழுக்க உட்கார வைப்பது நியாயமே இல்லை.

ஜூலை 6

ஆராய்ச்சி வேலை கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் முப்பத்தாறு பேருக்குப் பெயரை மட்டும் மாற்றி ஒரே மெயில் போட்டிருந்தேன். பதில் இரண்டு. இரண்டிலும் நிதி இல்லை.

ஜூலை 13

அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டுரையை மூன்று முறை படித்தேன். எதிரே அப்பா கண்ணாடி மேல் அச்சை வைத்து, சிவப்பும் பச்சையும் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சைத் தூக்கியபோது ஒரு கலர்கூட அடுத்ததில் கலக்கவில்லை.

கட்டுரை துத்தநாகக் காற்று பேட்டரி பற்றியது; துத்தநாகமும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும் பேட்டரி அது. நான்காவது படத்தில் எண்பது மணி நேரத்துக்குப் பின் மின்னழுத்தம் சரிகிறது. எங்கள் லேபிலும் அதே சரிவு வந்தது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பேட்டரிக்குள் இருக்கும் காரக் கரைசலோடு சேர்ந்து கார்பனேட் ஆகி, மின்முனையின் துளைகளை அடைத்துவிடும். நாங்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தோம், அடுத்து என்ன செய்து பார்க்க ஆசை என்று அந்தக் கட்டுரையை எழுதிய பேராசிரியருக்குப் பன்னிரண்டு வரி எழுதினேன். சி.வி., எங்கள் வரைபடம் ஒன்று. அவ்வளவுதான்.

ஜூலை 21

பதில் வந்துவிட்டது! என் வரைபடத்தைப் பற்றியே மூன்று கேள்விகள். அப்புறம்: "என்னிடம் இப்போது சம்பளப் பணம் இல்லை. மேரி கியூரி ஃபெலோஷிப்புக்குச் சேர்ந்து எழுதலாமா?"

அது ஐரோப்பிய ஒன்றியம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தரும் நிதியுதவி. விதிகளைப் பார்த்தேன். முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். கடந்த 36 மாதத்தில், போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. சரி, எனக்குப் பாஸ்போர்ட்டே போன வருஷம்தான் வந்தது. செப்டம்பர் 10 கடைசித் தேதி. முடிவு வர பிப்ரவரி ஆகும். கிடைப்பவர்கள் குறைவு என்பதால் ப்ராஜெக்ட் வேலைகளுக்கும் போட்டுக்கொண்டே இருப்பேன்.

ராத்திரி அப்பத்தாவிடம் சொன்னேன். "அந்த ஊர்ல குளிருமா ஆத்தா?" என்று கேட்டு, பெட்டியைத் திறந்து கம்பளியைத் தேட ஆரம்பித்துவிட்டது.