அரசிலைத் தட்டு: பெங்களூர் பட்டறைக் குறிப்புகள்

ஜூலை 4

ஒரு தட்டுக்கு ஒன்றேகால் கிலோ ஸ்டோன்வேர் மண் (அதிக வெப்பத்தில் சுடும் களிமண்). குயவர் பகுதியான பாட்டரி டவுனில் தமிழிலேயே பேரம் பேசி வாங்கும் செம்மண், தொட்டிக்கும் அகலுக்கும் அருமை, இதற்கு ஆகாது. 1220 டிகிரியில் உப்பி, உருகி, சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

இருபுறமும் 7 மில்லிமீட்டர் ரீப்பர் கட்டை வைத்து உருட்டியாயிற்று. நாலு உருட்டுக்கு ஒருமுறை துணியோடு புரட்டிக் குறுக்கே உருட்ட வேண்டும். பலகைக்கு மாற்றும்போது வலப்பக்கம் துணி நழுவி ஓரம் ஒரு விரற்கடை மடங்கியது. நீவிச் சமன் செய்தாயிற்று.

இலை: கப்பன் பார்க்கில் மழைக்காற்றுக்கு உதிர்ந்த பச்சை அரசிலை. சருகு என்றால் நொறுங்கிவிடும். நரம்பு புடைத்த அடிப்பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும்; பலர் பளபளக்கும் மேல்பக்கத்தை அழுத்திவிட்டு நரம்பே விழவில்லை என்பார்கள். காம்பிலிருந்து வால் நுனியை நோக்கி ஒரே அழுத்தம். திரும்ப உருட்டினால் நரம்பு இரட்டையாக விழும். இரண்டு மணி நேரத்தில் மண் சற்று விறைத்ததும் காம்பைப் பிடித்து உரிக்கலாம். அப்படியே விட்டால், மண் சுருங்கும் அளவு இலை சுருங்காமல் எழும்பி, வால் நுனியைப் பிய்த்துவிடும்.

ஜூலை 7

மழைக்காலம், தானாகவே மெதுவாகக் காயும் என்று நம்பக் கூடாது. ஜன்னல் காற்று ஓரத்தை மட்டும் உலர்த்தும், நடு ஈரமாகவே இருக்கும், தட்டு கிண்ணமாகும். ஓரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டை. இரண்டு ஜிப்சம் பலகைக்கு நடுவே, தினம் ஒரு புரட்டு.

ஜூலை 14

கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லிடவில்லை, காய்ந்துவிட்டது. சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழியைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் ஈரம்தான், நீராவியாகிப் பிளக்கிறது. அதனால் 90 டிகிரியில் மூன்று மணி நேரம் நிறுத்தம், பிறகு 573 டிகிரியைக் கடக்கும்போது நிதானம் (அங்கேதான் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் உருமாறித் திடீரென விரியும்), இந்த முதல் சூட்டின் முடிவு 1000.

ஜூலை 16

சுட்ட தட்டை ஈர ஸ்பஞ்சால் துடைத்த பிறகே வண்ணம். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் விரல் வழியே பட்டாலும் அந்த இடத்தில் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடியாகும் மேல்பூச்சு) விலகி ஓடும்.

நரம்புக்கு: சிவப்பு இரும்பு ஆக்சைடு ஒரு டீஸ்பூன், ஃப்ரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) அரை டீஸ்பூன், தண்ணீர் 100 மில்லி. இலை முழுக்கப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் தங்கும். இலைக்குப் பச்சை அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பச்சை பூசியதும் நரம்பு செத்துவிடுகிறது.

பக்கத்தில் ஒரு ஜகரண்டாப் பூ, மார்ச் மாத வாட்டர்கலர் நோட்டிலிருந்து. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சுவதால் தூரிகை பாதி வழியில் நின்றுவிடும். மண் லேசாக ஈரமாயும் தூரிகை நிறைந்தும் இருக்க வேண்டும். பூவின் நிறத்துக்குக் கோபால்ட் கார்பனேட்: பூசும்போது வெளிறிய ஊதா, சுட்டால் நீலம். டாலமைட்டும் டால்க்கும் சேர்ந்த, மக்னீசியம் மிகுந்த கிளேஸின் அடியில் மறுபடி ஊதாவுக்குச் சாயும். கையில் பார்க்கும் நிறத்தை நம்பி வரைய முடியாது. தடித்தால் கறுத்துவிடும்.

ஜூலை 17

கிளேஸை 80 மெஷ் சல்லடையில் சலித்து, மூன்று எண்ணும் நேரம் முக்கல். ஊசியால் கீறிப் பார்த்தால் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டர்; அதற்கு மேல் போனால் நரம்பு மூடிவிடும். கிளேஸ் ஒட்டாதிருக்க அடிப்பக்கத்தில் மெழுகு. சிந்திய பொடியை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சிலிக்கா நுரையீரலுக்கு எமன்.

ஜூலை 20

1220-இல் சுட்டு, 80 டிகிரிக்கு இறங்கியபின் திறந்தாயிற்று. 25 சென்டிமீட்டர் இப்போது 22. வால் நுனியில் கிளேஸ் தேங்கி ஒரு துளிபோல் நிற்கிறது. அதைச் சுற்றி இரும்பு கசிந்து தேன் நிறம். பூவில் இரண்டு இதழ் ஊதா, தடித்துப் பூசிய மூன்றாவது கருநீலம்.

மேசையில் வைத்தால் ஆடுகிறது. வலது ஓரம் இரண்டு மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது. 4ஆம் தேதி துணி நழுவிய அதே இடம்.